இளம் விண்மீன்களின் நெளிந்த தூசி வட்டுகளும் அவற்றின் நிழல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து அக்கம்பக்கத்தாருக்கு வானம் காட்டிவருகிறேன். சனிக்கோளின் வளையத்தைப் பார்த்தவர்கள் அடுத்து கேட்பது பெரும்பாலும் வட்டுகளைப் பற்றித்தான். ஓர் இளம் விண்மீனின் வட்டு பின்னாலுள்ள மேகத்தில் வௌவால் இறக்கை போலப் போட்ட நிழலின் படம், ‘வௌவால் நிழல்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதிலிருந்து நிழலைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும், நின்று நிதானமாகச் சொல்ல நேரம் கிடைத்திருந்தால் நான் சொல்லியிருக்கும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

தூசி வட்டு என்றால் என்ன?

விண்மீன் பிறப்பது வாயுவும் தூசியும் கலந்த மேகத்தில். மேகம் தன் எடையாலேயே உள்நோக்கிச் சரியும்போது, அதில் ஏற்கெனவே இருந்த மெல்லிய சுழற்சி வேகமெடுக்கிறது. நடுவில் விழ முடியாத பொருள் விண்மீனைச் சுற்றி வட்டாகப் படிகிறது. எடைக்கணக்கில் வட்டில் ஏறத்தாழ 99 பங்கு வாயு, ஒரு பங்குதான் தூசி. ஆனால் ஒளியைத் தடுப்பதும் சிதறடிப்பதும் அந்த ஒரு பங்குதான். கோள்கள் உருவாவது இந்த வட்டில். சில மில்லியன் ஆண்டுகளில், அதிகம் போனால் 10 மில்லியன் ஆண்டுகளையொட்டி, வட்டிலுள்ள வாயு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பாடப்புத்தகப் படத்தில் வட்டு தோசைக்கல் மாதிரி தட்டையாக இருக்கிறதே?

படம் போட அதுதான் சுலபம். நிஜத்தில் எண்ணெயில் போட்ட அப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு பக்கம் தூக்கி, எதிர்ப்பக்கம் தாழ்ந்து, நடுப்பகுதி ஒரு சாய்விலும் விளிம்பு வேறொரு சாய்விலும் நிற்கும். வட்டின் உட்பகுதி ஒரு தளத்திலும் வெளிப்பகுதி இன்னொரு தளத்திலும் சுற்றுவதைத்தான் நெளிவு என்கிறோம்.

இன்னொன்று. நெளிவே இல்லாவிட்டாலும் வட்டு ஒரே தடிமனாக இருக்காது. வெளியே போகப்போகத் தடிமன் கூடும். கிண்ணம் போல விளிம்பு எழும்பி நிற்கும். நிழல் விழுவதற்கு இது முக்கியம். கீழே செய்முறையில் பாருங்கள்.

யார் அதை நெளிக்கிறார்கள்?

பெரும்பாலும் பக்கத்துவீட்டுக்காரர்தான். சாய்ந்த பாதையில் சுற்றும் ஒரு துணை விண்மீனோ பெரிய கோளோ இருந்தால், அதன் ஈர்ப்பு வட்டின் உட்பகுதியை மெல்ல மெல்லத் தன் தளத்தை நோக்கித் திருப்பும். சுற்றி ஓயும் பம்பரம் தலையாட்டுகிறதே, அதே போல உள்வட்டும் தலையாட்டத் தொடங்கும்.

வேறு காரணங்களும் உண்டு. மேகத்திலிருந்து தாமதமாக வந்து விழும் பொருள் வேறு திசையில் சுழன்றுகொண்டு வந்தால் வெளிப்பகுதி சாயும். அருகே கடந்துபோகும் இன்னொரு விண்மீனும் வட்டைக் கலைக்கலாம். விண்மீனை ஒட்டிய உள்விளிம்பை அதன் காந்தப்புலமே தூக்கிவிடலாம். இவற்றில் எது என்று ஒவ்வொரு விண்மீனுக்கும் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

வானத்தில் திரை ஏது? நிழல் எதன்மேல் விழுகிறது?

வெளிவட்டின் மேல். தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். விளக்கு விண்மீன், பாவை சாய்ந்த உள்வட்டு, திரை வெளிவட்டின் எழும்பிய மேற்பரப்பு. பாவையையும் அதை ஆட்டுபவரையும் நாம் பார்ப்பதில்லை, அசைவை மட்டும் பார்க்கிறோம். வானியலாளர்கள் செய்வதும் இதுதான்.

இதை வீட்டில் செய்து பார்க்கலாமா?

கட்டாயம். நாங்கள் மாடியில் செய்ததையே சொல்கிறேன். கல்யாணப் பந்தியில் போடுவார்களே, பாக்குமட்டைத் தட்டு, அதில் விளிம்பு நன்றாக எழும்பிய வட்டத் தட்டாக ஒன்று எடுங்கள். நடுவில் வளையலைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு ஓட்டை வெட்டுங்கள். அடியிலிருந்து சீரியல் செட்டின் ஒரே ஒரு சின்ன பல்பை நுழைத்து, தட்டின் மட்டத்துக்குச் சரியாக நிறுத்துங்கள். அதுதான் விண்மீன். பல்பு நடுவில் வரும்படி ஒரு மெல்லிய உலோக வளையலைப் பிடியுங்கள். விளக்கை அணையுங்கள்.

தட்டின் தரைப்பகுதியில் வெளிச்சம் படாமல் வழுக்கிப்போகும். எழும்பிய விளிம்பில்தான் பளிச்சென்று விழும். நிஜ வட்டிலும் அப்படித்தான், கிண்ணம் போல எழும்பிய பரப்பில்தான் ஒளி படுகிறது. இப்போது வளையலைக் கொஞ்சமாகச் சாயுங்கள். வளையல் உயர்ந்த பக்கத்து விளிம்பில் அகலமாக ஒரு நிழல் படியும். இன்னும் சாய்த்து, ஏறக்குறைய செங்குத்தாக நிறுத்துங்கள். அகன்ற நிழல் மறைந்து, எதிரெதிரே மெல்லியதாக இரண்டு நிழல்கள் நிற்கும். வளையலைப் பம்பரம் போலத் திருப்பினால் இரண்டும் சேர்ந்தே விளிம்பைச் சுற்றிவரும்.

நாங்கள் செய்த அன்று, நல்ல வேளையாக, தெருவிலேயே கரண்ட் இல்லை. பல்பைப் பவர் பேங்கில் போட்டிருந்தோம். ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி வளையலைத் தானே வாங்கிக் கொஞ்ச நேரம் திருப்பிப் பார்த்தாள். “அப்ப அங்கிள், நிழலைப் பாத்தே வளையல் எவ்ளோ சாஞ்சிருக்குன்னு சொல்லிடலாமா?” என்றாள். சொல்லலாம். அந்த ஒரு கேள்விதான் இந்தத் துறையின் அடித்தளம். நிழல் ஒன்றா இரண்டா, அகலம் எவ்வளவு, இரண்டும் சரியாக எதிரெதிரே நிற்கின்றனவா என்பதை வைத்தே, கண்ணுக்குப் படாத உள்வட்டின் சாய்வைக் கணக்கிடுகிறார்கள்.

அன்று பாட்டி ஒருவர் கேட்டது: “இதுக்கும் ராகு கேதுவுக்கும் சம்பந்தம் உண்டாப்பா?”

ஜோதிட பலன் வகையில் கிடையாது. கணித வகையில் இருக்கிறது. இதைவிட நல்ல உதாரணம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

ராகு கேதுவை நாம் நிழல் கிரகங்கள் என்கிறோம். அவை பொருள்கள் அல்ல. நிலவின் பாதைத் தளம் சூரியனின் பாதைத் தளத்துக்கு சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. சாய்ந்த இரண்டு தளங்கள் ஒன்றையொன்று வெட்டினால் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் இரண்டு முனைகள்தான் ராகுவும் கேதுவும். அதனால்தான் ஜாதகக் கட்டத்தில் எப்போதும் நேரெதிராக, ஏழாம் வீட்டில் நிற்கிறார்கள். கிரகணம் நடப்பதும் அவற்றின் அருகில்தான்.

மிகவும் சாய்ந்த உள்வட்டின் இரண்டு நிழல்கள் விழுவதும் இதே மாதிரி இடத்தில், உள்வட்டின் தளமும் வெளிவட்டின் தளமும் வெட்டிக்கொள்ளும் கோட்டின் இரு முனைகளில். ராகு கேது பின்னோக்கி நகர்வதாகப் பஞ்சாங்கம் சொல்வதும் உண்மைதான். சூரியனின் ஈர்ப்பால் நிலவின் தளம் தலையாட்டுகிறது. ஒரு சுற்றுக்கு 18.6 ஆண்டுகள். துணை விண்மீனோ கோளோ இழுத்தால் உள்வட்டின் தளம் தலையாட்டுவதற்கும் அதே இயக்கவியல்தான் காரணம். பாட்டிக்கு இதைச் சொல்லி முடித்ததும், “அப்போ அங்கேயும் பஞ்சாங்கம் போடலாம்” என்றார். உண்மையாகவே போடலாம்.

அது நிழல் என்று எப்படி உறுதியாகத் தெரியும்? வட்டில் அங்கே தூசியே இல்லாமல் இருக்கலாமே?

நல்ல சந்தேகம். இதற்கு அழகான விடை டி.டபிள்யூ. ஹைட்ரே என்ற விண்மீனில் கிடைத்தது. சுமார் 200 ஒளியாண்டு தூரத்தில், சூரியனைவிடச் சற்று எடை குறைந்த இளம் விண்மீன். அதன் வட்டு ஏறக்குறைய முழு முகமாக நம்மை நோக்கி இருக்கிறது. அமெரிக்க வானியலாளர் ஜான் டெபெஸும் அவர் குழுவும், ஹபிள் தொலைநோக்கி பல ஆண்டுகளாக எடுத்துவைத்திருந்த படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, ஒரு மங்கல் பகுதி வட்டின்மேல் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு சுற்றுக்குச் சுமார் 16 ஆண்டுகள். இதை 2017இல் அறிவித்தார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த விண்மீனிலிருந்து 100 வானியல் அலகு தூரத்தில் (ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) கிடக்கும் தூசி ஒரு சுற்று சுற்ற 1,000 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். மங்கலோ 16 ஆண்டில் சுற்றி வருகிறது. அங்கே இருக்கும் பொருள் அந்த வேகத்தில் ஓட வழியே இல்லை. ஆக, நகர்வது பொருளல்ல.

மெரினா கலங்கரை விளக்கத்தை இரவில் பார்த்திருப்பீர்கள். விளக்கு தன் இடத்திலேயே நிதானமாகத் திரும்புகிறது. தூரத்தில் கடல்மேல் படும் ஒளிக்கற்றையோ எந்தப் படகும் போக முடியாத வேகத்தில் துடைத்துக்கொண்டு போகிறது. டி.டபிள்யூ. ஹைட்ரேயில் ஒளிக்கற்றைக்குப் பதில் இருள்கற்றை, அவ்வளவுதான் வித்தியாசம். திரும்புவது உள்ளே, நடுவுக்கு அருகில் இருக்கிறது.

வேறு விண்மீன்களில் இன்னொரு சோதனையும் செய்கிறார்கள். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில், 66 அலைவாங்கிகளோடு இருக்கிறது ஆல்மா. அது பார்ப்பது சிதறிய விண்மீன் ஒளியை அல்ல, தூசி தானாக வெளியிடும் மில்லிமீட்டர் அலைகளை. ஹபிள் இருட்டாகக் காட்டும் இடத்தில் ஆல்மா தூசியைக் காட்டினால், அங்கே பொருள் இருக்கிறது, வெளிச்சம்தான் வரவில்லை என்று பொருள்.

டி.டபிள்யூ. ஹைட்ரேயில் இரண்டாவது நிழல் வந்துவிட்டதாமே?

ஆமாம். 2021இல் ஹபிள் எடுத்த படத்தில் ஒன்றுக்கு இரண்டு நிழல்கள் இருந்தன; முடிவுகள் 2023இல் வெளியாயின. உள்ளே ஒன்றல்ல, சற்றே வெவ்வேறு சாய்வில் இரண்டு உள்வட்டுகள் இருக்கின்றன என்பது டெபெஸ் குழு தந்த விளக்கம். சாய்வு 5 முதல் 7 டிகிரிதான். இருப்பது நம் வியாழன் சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தையொட்டி. முன்பு இரண்டு நிழல்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே நிழலாகத் தெரிந்தன, பிறகு பிரிந்துவிட்டன. எதனால் சாய்ந்தன? அங்கே கோள்கள் உருவாகி இழுக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உள்வட்டை நேரடியாகப் படம் எடுத்துவிட்டால் என்ன?

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். மெரினாவில் நின்று அதைப் பாருங்கள். டி.டபிள்யூ. ஹைட்ரேவுக்கும் அந்த உள்வட்டுகளுக்கும் நடுவே தெரியும் இடைவெளி ஏறத்தாழ அவ்வளவுதான். அதிலும் நாணயத்தின் ஓரத்தில் ஒரு பெரிய ஃப்ளட்லைட் எரிகிறது. ஹபிள், விண்மீனின் கூசும் ஒளியைக் கரோனாகிராஃப் என்ற தடுப்பால் மறைத்துத்தான் வட்டையே படம் எடுக்கிறது. தெருவிளக்கைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் மரத்தைப் பார்ப்பது போல. மறைத்தால் நடுப்பகுதியும் சேர்ந்தே மறைந்துவிடும். ஆல்மா இந்த விண்மீனில் மிக நெருக்கம் வரை பார்த்திருக்கிறது. ஆனாலும் சில டிகிரி சாய்வைப் படத்திலிருந்து பிரித்தறிவது கஷ்டம். நிழலோ அந்தச் சின்ன சாய்வை எடுத்து, நூறு வானியல் அலகுக்கும் மேல் விரிந்த திரையில் பெரிதாக்கிப் போட்டுவிடுகிறது.

அந்த வௌவால் நிழல் படம் உண்மையா?

உண்மைதான், கிராஃபிக்ஸ் இல்லை. பாம்புமண்டலம் என்னும் செர்பன்ஸ் பகுதியில், சுமார் 1,400 ஒளியாண்டு தூரத்தில் எச்.பி.சி. 672 என்ற இளம் விண்மீன். அதன் வட்டு மிகச் சிறியது, ஹபிளுக்கும் தெரியாது. ஆனால் அதன் நிழல் பின்னாலுள்ள மேகத்தில் விழுந்து, இருபுறமும் இறக்கை விரித்தது போலத் தெரிகிறது. நம் சூரியக் குடும்பத்தின் அளவைப் போல சுமார் 200 மடங்கு நீளம்.

2020இல் கிளாஸ் பொன்டோப்பிடானும் குழுவினரும் சுமார் 13 மாத காலப் படங்களை ஒப்பிட்டு, இறக்கை அசைவதைக் கண்டார்கள். வட்டு குதிரைச் சேணம் போல நெளிந்திருந்து, அந்த நெளிவு விண்மீனைச் சுற்றிவந்தால் நிழல் மேலும் கீழும் ஆடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. விண்மீனிலிருந்து நிழலின் விளிம்புக்கு ஒளி போய்ச்சேரவே 40, 45 நாள் ஆகிறது. இறக்கையின் நுனியில் நாம் பார்ப்பது வட்டு ஒன்றரை மாதத்துக்கு முன்பு இருந்த நிலை. உடலை ஒட்டிய பகுதியில் பார்ப்பது அதற்குப் பிந்தைய நிலை. ஒரே படத்தில் பல நாள்கள் வரிசையாகக் கிடக்கின்றன.

இதுவரை பார்த்ததில் மிக அதிகமாகச் சாய்ந்தவற்றில் ஒன்றைச் சொல்லுங்கள்.

எச்.டி. 142527. வட்டின் நடுவே பெரிய வெற்றிடம். அதைச் சுற்றிய வெளிவட்டில் எதிரெதிரே இரண்டு இருண்ட வெட்டுகள். வெட்டுகள் எதற்கு என்று பிடிபடாமல் இருந்தது. சிலி நாட்டின் செபாஸ்டியான் மரினோவும் கூட்டாளிகளும் 2015இல், உள்வட்டு வெளிவட்டுக்குச் சுமார் 70 டிகிரி சாய்ந்திருந்தால் அதே இடங்களில் அதே வடிவ நிழல்கள் விழும் என்று கணித்துக் காட்டினார்கள். 70 டிகிரி என்றால் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும் வளையல். அந்த விண்மீனுக்கு ஒரு துணை விண்மீன் இருப்பது 2012இலேயே தெரிந்திருந்தது.

வட்டு நெளிந்து நெளிந்து கிழிந்துவிடாதா?

கிழியும். ஓரியன் மண்டலத்தில் ஜி.டபிள்யூ. ஓரியானிஸ் என்று மூன்று விண்மீன்கள் சேர்ந்த குடும்பம் இருக்கிறது, சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில். இரண்டு விண்மீன்கள் 241 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. மூன்றாவது அந்த ஜோடியைச் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. மூன்றும் வட்டை வெவ்வேறு திசையில் இழுக்கின்றன. இழுப்பு பலமாக இருந்து, வாயு அந்தத் திருகலைப் பக்கத்துக்குக் கடத்த முடியாமல் போனால், வட்டு தனித்தனி வளையங்களாக அறுந்துவிடும். 2020இல் வெளியான படங்களில் உள்வளையம் தனியாகப் பிரிந்து சாய்ந்து நிற்பதும், அதன் நிழல் வெளியே விழுவதும் தெரிந்தன. கணினியில் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த விஷயம் வானத்தில் காணக்கிடைத்தது.

இது நம் மிருகசீரிட நட்சத்திரத்துக்குப் பக்கத்து ஊர். வேட்டைக்காரனின் தலையாகத் தெரிகிற அந்தச் சின்னக் கூட்டம் பிறந்த மேகத்தில் பிறந்ததுதான் இந்த மூவரும்.

நிழல் பட்டால் அங்கே ஏதாவது ஆகுமா?

குளிரும். பகல் வெயிலில் நடந்துகொண்டே மேம்பாலத்தடியில் நுழைவது போல, சுற்றிவரும் வாயு ஒவ்வொரு சுற்றிலும் நிழலுக்குள் போய் வருகிறது. குளிர்ந்தால் அழுத்தம் குறையும், வெளியே வந்தால் கூடும். இந்த ஏற்ற இறக்கம் திரும்பத் திரும்ப நடந்தால், வாயுவில் சுருள் கைகள் உண்டாகலாம் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. எச்.டி. 100453 என்ற விண்மீனில் இரண்டு நிழல்களும் இருக்கின்றன, இரண்டு சுருள் கைகளும் இருக்கின்றன. ஆனால் அதற்கு ஒரு துணை விண்மீனும் உண்டு. அதன் இழுப்பே சுருளுக்குப் போதும். ஆகவே நிழலை மட்டும் காரணமாகச் சொல்லிவிடக் கூடாது.

அந்த நிழல் நம் மேலேயே விழுந்தால்?

விண்மீன் மங்கும். ரிஷப மண்டலத்தில் ஏ.ஏ. டாரி என்ற விண்மீன் நெடுங்காலம் சுமார் 8.2 நாளுக்கு ஒருமுறை மங்கி வந்தது. உள்விளிம்பில் காந்தப்புலத்தால் தூக்கப்பட்ட தூசி மேடு ஒவ்வொரு சுற்றிலும் குறுக்கே வந்ததே காரணம். 2011இல் அது திடீரென்று கணிசமாக மங்கிப்போனது. வட்டின் இன்னொரு தடித்த பகுதி குறுக்கே வந்திருக்க வேண்டும்.

விண்மீன்களின் ஒளி கூடிக் குறைவதைப் பொறுமையாக அளக்கும் மரபு சென்னைக்குப் புதிதல்ல. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வான்நோக்ககத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர். ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். அது முதிர்ந்த விண்மீன், தூசி வட்டு கதை அதற்குப் பொருந்தாது. ஆனால் இரவுக்கு இரவு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அன்றும் இன்றும் ஒன்றுதான்.

நம் சூரியனும் இப்படி இருந்ததா?

சூரியனின் நடுக்கோட்டுக்குக் கோள்களின் பாதைகள் 6, 7 டிகிரி சாய்ந்திருக்கின்றன. ஏன் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை கிடையாது. 2025இல் ஆல்மா கொண்டு ஆராய்ந்த ஒரு குழு, வட்டிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவின் வேகத்தை டாப்ளர் முறையில் (நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதை அலைநீள மாற்றத்தால் அறியும் முறை) அளந்து, பல வட்டுகளில் அரை டிகிரி முதல் 2 டிகிரி வரை மெல்லிய நெளிவு இருப்பதாகச் சொன்னது. லேசான நெளிவு இயல்பான ஒன்று என்றால், நம் கோள்களின் சாய்வுக்கும் தொடக்கம் அங்கேயே இருந்திருக்கலாம். தனிப்பட்ட முறையில், எனக்கு இந்தப் பாதையில் நம்பிக்கை இருக்கிறது.

நெளிவை வைத்துக் கோளைக் கண்டுபிடித்திருக்கிறார்களா? சென்னையிலிருந்து எதையாவது பார்க்க முடியுமா?

இரண்டுக்கும் ஒரே பெயர்தான் பதில்: பீட்டா பிக்டோரிஸ். 63 ஒளியாண்டு தூரம். 1984இல் அதன் வட்டை முதன்முதலாகப் படம் எடுத்தார்கள். 1990களில் வட்டின் உட்பகுதி சில டிகிரி சாய்ந்து நெளிந்திருப்பது தெரிந்தது; சாய்ந்த பாதையில் ஒரு பெரிய கோள் இருந்தால் இப்படி ஆகும் என்று 1997இல் கணக்கிட்டார்கள். 2008இல் கோளைப் படத்தில் கண்டதாக அறிவித்தார்கள். அது கோள்தான் என்று 2010இல் உறுதியானது. சனி நம் சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தில், வியாழனைப் போல சுமார் பத்து மடங்கு எடையோடு இருந்தது.

வட்டோ நிழலோ நம் மாடித் தொலைநோக்கிகளில் தெரியாது. விண்மீன்களைப் பார்க்கலாம். டி.டபிள்யூ. ஹைட்ரே ஏப்ரலில் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே சுமார் 42 டிகிரி உயரத்தில் இருக்கும். தொலைநோக்கியும் நல்ல வரைபடமும் வேண்டும். ஜி.டபிள்யூ. ஓரியானிஸ் ஜனவரி இரவுகளில் கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேலேயே கடந்துபோகிறது.

பீட்டா பிக்டோரிஸுக்கு பைனாகுலர் போதும். பிப்ரவரி தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள். தாழ்வாக, பளிச்சென்று எரிவது அகத்தியர் (கனோபஸ்) என்ற விண்மீன். கையை நீட்டி, அதிலிருந்து வலப்பக்கமாக நான்கு விரல் அகலம் போனால் மங்கலாக ஒரு விண்மீன். கோவளம் பக்கம் போய்விட்டால் வெறும் கண்ணுக்கே எட்டும். நகருக்குள் என்றால் பைனாகுலரை மாடியின் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள், கை ஆடாது.